மைச்சிமிழின் அடியில் ஒரு பொட்டு

லண்டன் அருங்காட்சியகங்களின் களஞ்சியங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்கள் குழுவுக்கு என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தமிழில்தான் எழுதுவேன் என்று நான் அடம்பிடித்ததற்கு மொழிப்பற்று காரணமல்ல. என் பழைய மேலதிகாரிகளில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லப்போகிறேன். அதை அவர்கள் ஏற்கெனவே கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். இது என்னுடைய பக்கம்.

நான் பார்த்த வேலை பொருட்களைத் தூக்குவது. படித்தவர்கள் அதற்கு நீளமான ஒரு பதவிப் பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் வேலை தூக்குவதுதான். கியூரேட்டர்மார் எழுதுவார்கள், விஞ்ஞானிகள் சோதிப்பார்கள், நாங்கள் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்போம். ஆயுளில் பாதியை எகிப்தியப் பிரிவில் கழித்தேன். கூட்டம் பிணங்களைப் பார்க்க வரும். எனக்குப் பிடித்தவை மைச்சிமிழ்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைக் கல் சிமிழ், தட்டுப்போல விரிந்த விளிம்பு, நடுவில் ஒரு விரல் மட்டும் நுழைகிற துவாரம். சிலவற்றில் ஒரு குரங்கு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும், அந்தக் குழாய்க்குள் கண்மை. மறு உலகத்துக்குப் போகிறவர்கள் சோறு, பியர் எல்லாவற்றோடும் மையையும் மைக்கோலையும் மறக்காமல் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆண்களும்தான். நம்முடைய ஆண்கள் மீசைக்குச் சாயம் பூசுவதைக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு செய்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு மை தீட்டியதைக் கல்லிலேயே செதுக்கி ஊருக்குக் காட்டினார்கள்.

எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் ஓர் ஆங்கிலேயர். பெயர் வேண்டாம், மனிதர் ஓய்வில் நிம்மதியாக இருக்கிறார். முதல் நாளே எனக்கு ஒரு விதி சொன்னார். ஒரு பொருளைத் தூக்குவதற்கு முன் அதை எங்கே வைக்கப்போகிறாய் என்று பார், வைக்க இடமில்லையென்றால் தூக்காதே. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே நான் காலத்தை ஓட்டினேன். அது பொருட்களுக்கு மட்டுமான விதி என்று நினைத்ததுதான் என் பிழை.

பதினைந்து வருடங்களுக்கு முன் எங்கள் களஞ்சியம் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாறியது. மைச்சிமிழ்கள் முழுவதையும் பொதி செய்யும் பொறுப்பு என்னுடையது. வாரக்கணக்காகச் செய்தேன். ஒரு கீறல் விழவில்லை. கடைசித் தட்டு மட்டும் மிச்சமிருந்த அன்று, தேநீர் நேரத்தில் பொறுப்பாளர் எல்லோருக்கும் முன்னால் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிக் காட்டி, இந்தக் கைகளைப் பாருங்கள், இவற்றுக்குப் பிழை விடத் தெரியாது என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைகளை மெல்ல இழுத்துக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

உங்களில் பலருக்கு இது உடனே விளங்கியிருக்கும். நான் வேதக்காரன், ஞாயிறு பூசை தவறவிட்டதில்லை, சாத்திரம் பார்க்கிறவர்களைக் கண்டால் வாய் சும்மா இராது. ஆனால் நாவூறு, புகழ்கிற வாயால் வருகிற கண்ணூறு, எந்தச் சமயத்துக்கும் தனிச்சொந்தம் இல்லை. வேலை முடியமுதல் அதை இப்படி வாய்விட்டுப் புகழ்ந்தால் அந்தக் கடைசித் தட்டு என்ன ஆகும்? அதில் இருந்ததோ மூடியோடு முழுசாகத் தப்பிய ஒரேயொரு கற்சிமிழ். வெளிச்சத்தில் பிடித்தால் சுவருக்குள்ளால் விரலின் நிழல் தெரியும், அவ்வளவு மெல்லியது.

என் கோட்டுப் பையில் ஒரு சின்ன மை டப்பா இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. என் தங்கை ஜெசிந்தாவுக்குப் பத்து வருடம் பிள்ளை இல்லை. கோயில், மருத்துவமனை என்று ஏறி இறங்கிக் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த ஞாயிறு ஞானஸ்நானம். அவர்கள் குடியிருக்கும் வெஸ்ட் ஈலிங்கில் பாதிப்பேர் வந்து குழந்தையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், ஆகவே மை வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். முதல் நாள்தான் சவுத்தாலில் ஒரு கடையில் வாங்கினேன். டப்பாவில் ஒரு பூப்படம் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை, நானும் கேட்கவில்லை.

தேநீர் முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டு நின்றபோது நான் உள்ளே போய், சிமிழை மெத்தையில் கவிழ்த்து, அடியில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் சிறுவிரலால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். மிளகளவுதான். பெட்டியில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டியா உடையப்போகிறது?

சிமிழ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மாலையில் டப்பாவைத் தங்கையிடம் கொடுத்தேன். புது டப்பாவில் விரல் பட்ட அடையாளம் ஏன் என்று கேட்டாள். காய்ந்த மையோ என்று தொட்டுப் பார்த்தேன் என்றேன். அதோடு நான் அந்தப் பொட்டை மறந்தேபோனேன்.

மூன்று மாதம் கழித்து வித்யா வந்தாள். சென்னைப் பெண், வேதியியலில் பெரிய படிப்பு, ஒரு வருட ஒப்பந்தம். அருங்காட்சியகத்தில் என்னை 'சார்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் என் பெயரைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். சிமிழ்களுக்குள் ஒட்டியிருந்த மிச்சங்களைச் சோதிப்பது அவள் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். தொடாமலே, எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்லிவிடும். எகிப்தியரின் கறுப்பு மையில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், ஈயக் கனிமத்தை அரைத்துத்தான் மை செய்தார்கள் என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

ஒரு நாள் அந்த மூடியுள்ள சிமிழை எடுத்துக் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தவள் பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதிவேட்டை இழுத்தாள். அடியில் இப்படி ஒரு அடையாளம் எந்தப் பதிவிலும் இல்லை. பழைய படங்களில் ஒன்றும் அடியைக் காட்டவில்லை. என்னிடம் கேட்டாள், பொதி செய்தபோது பார்த்தீர்களா என்று.

“இல்லைப் பிள்ளை, நான் கவனிக்கேல்லை.”

இத்தனைக்கும் அவள் என்னைக் குற்றம் சாட்டவே இல்லை. சும்மா கேட்டாள், நான் சும்மா பொய் சொன்னேன். உண்மையைத் தூக்கினால் வைக்க இடமில்லை என்று பட்டது. அன்றே சொல்லியிருந்தால் ஒரு திட்டு, ஒரு பஞ்சுத் துடைப்பு, அத்தோடு கதை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் பொட்டு வளர்ந்தது. கல்லறையில் வைக்க முன் யாரோ விரலால் இட்ட காப்பு அது என்று வித்யாவும் கியூரேட்டரும் பேசத் தொடங்கினார்கள். அடுத்த வியாழக்கிழமை ஒரு குழுவின் முன் வித்யா பேச வேண்டும், அதை வைத்துத்தான் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். பேச்சின் நடுவில் என் பொட்டு பெரிதாகத் திரையில் வரப்போகிறது. கருவி அதில் ஈயம் இல்லை, சாதாரண விளக்குக்கரி என்று காட்டிவிடும், பிறகு யார் வைத்தது என்று தேடுவார்கள் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை காலை வித்யா கருவியை வைத்தாள். திரையைப் பார்த்தவளின் முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஈயம், சார். நல்லாவே இருக்கு. இது அந்தக் காலத்து மைதான்.”

சிமிழைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டுக் கியூரேட்டரிடம் ஓடினாள்.

எனக்கு அந்த நேரம் வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் பொய்க்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது, இனி என்ன. மூக்குக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு சிமிழைக் கையில் எடுத்தேன். இழுப்பறை லாச்சிக்குள் வைக்கக் குனிந்தபோது பொட்டு என் கண்ணுக்கு நேரே வந்தது. என்னுடைய சிறுவிரல் வைத்த பொட்டு. சவுத்தாலில் வாங்கிய மை. அதில் எப்படி ஈயம் வரும்?

வந்திருந்தால், அந்த டப்பா தங்கையின் வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேலாக அந்தக் குழந்தைக்குத் தினமும் நெற்றியில் பொட்டு, கன்னத்தில் பொட்டு, புருவத்தில் கீற்று, கண்ணுக்குள்ளும் மை. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாய்க்குள் வைத்துச் சூப்பும்.

கையில் சிமிழ். உலகத்தில் அதுபோல இன்னொன்று இல்லை என்று சொல்லியிருந்தார்கள். போட்டுவிட்டு ஓடு என்று உடம்பு சொன்னது. எங்கே வைக்கப்போகிறாய் என்று பொறுப்பாளரின் குரல் கேட்டது. லாச்சியில் மெத்தைக்குழி இருந்தது. வைத்தேன், மூடியைச் சரிபார்த்தேன், லாச்சியைத் தள்ளினேன், பூட்டினேன். பிறகு ஓடினேன்.

களஞ்சியம் இருந்தது நிலவறையில், அங்கே கைபேசி வேலை செய்யாது. முற்றத்துக்கு வந்து தங்கையை அழைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு இப்போதுதான் மை வைக்கிறேன் என்றாள்.

“வைக்காதை. வைச்சதைத் துடை. பிள்ளையின்ரை கையையும் கழுவு. அந்த மையிலை ஈயம் இருக்கலாம்.”

குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “அண்ணை, நீங்கள்தானே வாங்கித் தந்தனீங்கள்.”

ஓம் என்றேன்.

இருக்கிறதா, இல்லையா என்று அடுத்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த ஈயம் சிமிழிலிருந்தே வந்திருக்கலாம், பழைய மை அடியில் கசிந்திருக்கலாம், என் பொட்டுக்கு அதோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். டப்பாவைக் கருவியில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏன் பார்க்க வேண்டும் என்று வித்யா கேட்பாள். டப்பாவை எடுத்துக்கொண்டு குழந்தையோடு உடனே இங்கே வா என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன். அந்தப் படிகளில் வேறு பொய் எதுவும் தேடவில்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். தேடினேன். கிடைக்கவில்லை.

கியூரேட்டரின் அறை வாசலில் வித்யாவை மறித்தேன்.

“பிள்ளை, அந்தப் பொட்டு நான் வைச்சது. நாவூறுக்கு வைச்சனான். அதே மையைத்தான் என்ரை தங்கச்சி கைக்குழந்தைக்கு வைக்கிறாள். அதைச் சோதிச்சுப் பார்க்க ஏலுமோ?”

வித்யாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்க நேரம் எடுத்தது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது, ஆனால் அதைப் பிறகுக்கு வைத்துக்கொண்டாள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்றுதான் முதலில் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவளை இன்றைக்கும் மதிக்கிறேன்.

தங்கை வரும்வரை இருவரும் கீழே போய்ச் சிமிழை மறுபடி கவிழ்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தோம். உங்களுக்குத் தெரியும், கல்லில் நேரே எண் எழுத மாட்டோம். முதலில் ஒரு துளி வார்னிஷ், அதன் மேல்தான் எண், பிறகு வேண்டுமானால் தடமில்லாமல் எடுத்துவிடலாம். என் பொட்டின் பாதி அந்த வார்னிஷ் மேல் இருந்தது.

“வார்னிஷுக்கு மேல இருக்கு, சார். வார்னிஷுக்கு மேல மூவாயிரம் வருஷத்துப் பொட்டு எப்படி வரும்? நான் பார்த்திருக்கணும்.” பிறகு, உருப்பெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, “என் சின்ன வயசு போட்டோ எல்லாத்துலயும் கன்னத்துல அம்மா வச்ச பொட்டு இருக்கு. எனக்குத் தோணவே இல்ல” என்றாள்.

தங்கை மழையில் நனைந்து வந்தாள். வாசலில் அவளுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள். குழந்தை என் மடியில் இருந்து அந்த அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. துடைத்தும் போகாமல் இமையோரத்தில் கறுப்பு மிச்சமிருந்தது. வித்யா டப்பாவைத் திறந்து கருவியை வைத்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

சிமிழில் இருந்ததும் டப்பாவில் இருந்ததும் ஒன்றுதான், ஈயம். மூவாயிரம் வருடத்துக்குப் பிறகும் மனிதன் அதே கல்லை அரைத்து, பூப்படம் ஒட்டி விற்றுக்கொண்டிருக்கிறான். வாங்குவதற்கு என்னைப்போல ஒரு மேதையும் இருக்கிறான்.

வித்யா முடிவை அச்சடித்துத் தங்கையின் கையில் கொடுத்து, இன்றைக்கே டாக்டரிடம் இதைக் காட்டுங்கள் என்றாள். காட்டினோம். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை தங்கை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் உடம்பில் ஈயம் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் கைமீறவில்லை. நிறுத்தினால் இறங்கும், இப்படியே ஒரு வருடம் போயிருந்தால் வேறு கதை என்றார் டாக்டர். பிள்ளையை அழவைக்காமலே உடம்பில் ஏறுகிற நச்சு இது, யாரும் தேடிப் பார்ப்பதில்லை, எப்படி இவ்வளவு நேரத்தோடு கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டார். என் அண்ணை ஒரு சட்டிக்குப் பொட்டு வைத்தார் என்று தங்கை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் அதை எப்படிக் குறித்துக்கொண்டார் என்று தெரியாது. அடுத்தடுத்த சோதனைகளில் அளவு இறங்கியது. டப்பாவை கவுன்சிலிடம் ஒப்படைத்தோம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம். பொறுப்பாளர் அதைக் கையில் தந்துவிட்டு, நான் உன்னைப் புகழாமல் இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு நான் எவ்வளவு பெரிய வேலையை முடித்தாலும் மனிதர் தலையை ஆட்டி, பரவாயில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். பொட்டை வித்யாவே ஈரப் பஞ்சால் எடுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வியாழக்கிழமை பேச்சில் அந்தப் பகுதி இல்லை, ஏன் இல்லை என்பதை மட்டும் எழுந்து நின்று சொன்னாள். கேட்ட காலத்தில் பாதிக்குத்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். மற்றப் பாதி என்னால் போனது. அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிள்ளைகளே, பொருளில் பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்ல இவ்வளவு எழுதத் தேவையில்லை, உங்களுக்கு அந்த அளவு அறிவு இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டைப் பற்றி. 'ஈயம்' என்று கேட்டதும் மூக்குக்குள் பாடினேனே, அதைப் பற்றி. நீங்கள் ஒரு பிழையை ஒளித்திருக்கும்போது ஏதாவது ஒரு முடிவு உங்களைக் காப்பாற்றினால், அப்போது வருகிற நிம்மதியை நம்பாதீர்கள். எனக்குச் சாதகமான பதில் வந்ததால் நான் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. சிமிழ் கையில் இல்லாமல் இருந்திருந்தால், குனியாமல் இருந்திருந்தால், பாடிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக்குத் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவளுடைய மகளுக்கு இப்போது பதினைந்து வயது. கண்ணைச் சுற்றி அவள் தீட்டுகிற கறுப்பைப் பார்த்தால் எந்த எகிப்திய அரசியும் இடம் விட்டு ஒதுங்குவாள். புதிதாக வந்த இளம் பொறுப்பாளருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. மேடைக்கு என்னை அழைத்து, இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, இந்தக் கைகளைப் பாருங்கள் என்று தொடங்கிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பழையபடி கைகளை இழுத்துப் பைக்குள் ஒளித்தேன்.

இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தேன். தங்கையின் மகள் தன் பையிலிருந்து மைப்பென்சிலை எடுத்து, ஒன்றும் கேளாமல், என் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள்.

“பயப்படாதீங்கோ மாமா. இதிலை ஈயம் இல்லை, செக் பண்ணித்தான் வாங்கினனான்.”

வீடு இருக்கிற ஹவுன்ஸ்லோவுக்கு ரயிலில் வரும்போது பின்னால் நின்ற ஒருவர் என் காதுப்பக்கம் ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். தெரியும் என்றேன். துடைக்கவில்லை.